களவு போன திறவுகோல்



சென்ற ஆண்டு என் மின்னஞ்சல் களவு போயிற்று. நான் மருத்துவமனையில் கிடப்பதாகவும், உடனே பணம் வேண்டுமென்றும் என் பெயரால் நண்பர் பலருக்கு மடல்கள் சென்றன. நம் சங்கத்து முதியவர் ஒருவர், ஐயமின்றித் தம் ஓய்வூதியத்திலிருந்து 20,000 ரூபாய் அனுப்பிவிட்டார்.

பதற்றத்தில் நான் ஒரு பிழை செய்தேன். அதே கணிப்பொறியில் அமர்ந்து கடவுச்சொல்லை மாற்றினேன். அதனுள் ஒளிந்திருந்த நச்சுநிரல் புதிய சொல்லையும் திருடனுக்கு ஓதிவிட்டது. கள்வன் உள்ளே இருக்கையில் பூட்டை மாற்றிப் பயனென்ன?

ஆகவே, முதலில் அக்கணிப்பொறியை இணையத்தினின்றும் துண்டியுங்கள். பழுதற்ற வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஏனைய கணக்குகளுக்கும் திறவுகோல் அதுவே. பிற கருவிகள் அனைத்தையும் அக்கணக்கினின்று வெளியேற்றுங்கள். மீட்புத் தொலைபேசி எண்ணையும், மடல்களை வேறிடம் திருப்பும் ஏற்பாட்டையும் கள்வன் மாற்றியிருக்கிறானா எனப் பாருங்கள். இருபடிச் சரிபார்ப்பை அமையுங்கள். பின்னர், ஆவணங்களை மட்டும் படியெடுத்துக்கொண்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். நச்சுநிரல் நீக்கும் கருவிகளை, 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய சைபர் சுவச்சதா கேந்திரம் இலவசமாக அளிக்கிறது.

பணம் போயிருந்தால் 1930 என்னும் எண்ணை அக்கணமே அழையுங்கள். நாங்கள் மூன்று நாள் கழித்தே அழைத்தோம். அதற்குள் பணம் பல கை மாறிவிட்டது.

அப்பணத்தைத் திருப்பியளிக்கச் சென்றேன். பெரியவர் வாங்க மறுத்தார். "நீர் நலமாயிருக்கிறீரே, அது போதும்" என்றார். அந்த அன்பைக் கள்வர்க்கு இரையாக்கலாகாது. பணம் அனுப்புமுன், நாமறிந்த எண்ணில் ஒருமுறை அழைத்துப் பேசுவோமாக.