பசியோடு திறந்துவிடுங்கள்

வட சென்னை மொட்டை மாடிகளில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள், போட்டிக்குப் பல மாதம் முன்பே குஞ்சுகளோடு பாடுபட ஆரம்பித்துவிடுவார்கள்.

பொரித்த பத்து நாளுக்குள் காலில் வளையம் மாட்டிவிட வேண்டும். முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து வளையத்தை நுழைத்து, பின்விரலை மெல்ல வெளியே எடுப்பார்கள். நாள் தள்ளினால் கால் பெருத்துவிடும், வளையம் ஏறாது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் தாயிடமிருந்து பிரித்து, கம்பி வலைக்குள் உட்கார வைப்பார்கள். சுற்றுப்புறத்தைப் பார்த்துப் பழகட்டும் என்றுதான்.

முதன்முதலாகத் திறந்துவிடும்போது குஞ்சுக்குப் பசி இருக்க வேண்டும். தீனி டப்பாவைக் குலுக்கி விசில் அடித்தால் இறங்கி வர வேண்டும். என்னைக் கேட்டால், இந்தப் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. எவ்வளவு வேகமாகப் பறந்து வந்தாலும், மாடிக்கு மேலே வட்டமடித்துக்கொண்டே இருந்தால் பந்தயம் போச்சு.

அப்புறம் கூடையில் வைத்து ஐந்து கிலோமீட்டர், பத்து, இருபது என்று தூரத்தைக் கூட்டுவார்கள். சூரியனையும் பூமியின் காந்தப் புலத்தையும் வைத்துப் புறாக்கள் திசை அறிகின்றன. மேகமூட்டமான நாளில், அதுவும் முதல் பயணத்துக்கு, குஞ்சைக் கொண்டுபோய் விடுவது பெரிய அநியாயம். வல்லூறு வேறு காத்திருக்கும். வானம் தெளியும்வரை கூடை வீட்டிலேயே இருக்கட்டும்.