ஓதற்பிரிவும் ஓர் அடுப்பும்



பிரிவைப் பாடாத தமிழ்க் கவிஞர் இல்லை. பிரிவின் காரணங்களை எண்ணும் தொல்காப்பியம் ஓதலை முதலில் வைக்கிறது. கல்விக்காகப் பிரிந்தவன் மூன்றாண்டுகளைக் கடத்தலாகாது என்று கற்பியலில் எல்லையும் கட்டுகிறது. கடற்பயணம் மகளிரோடு இல்லை என்று அந்நூலுக்குப் பொருள் கொள்வோரும் உளர். ஆனால், பிரிந்து போனவன் போன இடத்தில் தன் சோற்றை எப்படி வடித்தான் என்று நம் பாலைப் பாட்டு கேட்பது அரிது. சிவகிரிப் பிள்ளைகள் சென்னைக்கும் கடல் கடந்தும் படிக்கப் போகும் இந்நாளில் அது கேட்கத்தக்க கேள்வியே. கணிதமேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்வில் அதற்கு விடை இருக்கிறது.

1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறியபோது அவருக்கு வயது 26. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டாண்டுகளுக்கு உதவித்தொகை அளித்தது. அதில் மாதம் 60 ரூபாய் பெற்றோருக்குச் சேர ஏற்பாடு செய்துவிட்டே புறப்பட்டார். குடுமி இங்கேயே போயிற்று. இலண்டனில் இறங்கி, குரோம்வெல் சாலையில் இந்திய மாணவர் தங்கும் இல்லத்தில் சில நாட்கள் இருந்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் சென்றார். பேராசிரியர் நெவில் வீட்டில் சில வாரங்கள் தங்கிய பின் டிரினிட்டி கல்லூரியில் அறை கிடைத்தது. தனிவாழ்க்கை அங்கே தொடங்கிற்று.

பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று அவர் கேட்க, மேலங்கியோடு சால்வையும் போர்த்திப் படுத்தும் நடுங்குவதாக இராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன! அவை மெத்தையின் கீழே இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது பாயில் படுத்தவருக்கு எப்படித் தெரியும்? சொல்லித்தர அதுவரை ஒருவரும் இல்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கம்பளியின் சிக்கல் ஒரு நாளில் தீர்ந்தது. உணவின் சிக்கல் தீரவில்லை. புலால் சமைத்த பாத்திரத்தை நம்பாமல் தம் அறையிலேயே அவர் பொங்கித் தின்றார். கல்லூரி உணவுக்கூடமோ, மாணவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இடம். அங்கே அவர் அமரவில்லை. கொள்கை உறுதி என்று இதைப் புகழ்வது எளிது. அதற்கு அவர் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1914 ஆகஸ்டில் போர் மூண்டது, காய்கனி அரிதாயிற்று. சோறும் உப்பும் எலுமிச்சைச் சாறும் போதும், நாவை அடக்கிவிட்டேன் என்ற கருத்தில் நண்பருக்கு எழுதினார். பெருமிதமாக எழுதியதுதான், இன்று படிப்பவருக்கு நெஞ்சு கனக்கிறது.

ஒருமுறை வங்காள நண்பர் ஒருவரையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். தாமே சமைத்து ரசம் பரிமாறினார். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டனர். மூன்றாம் முறை மறுப்பு வந்தது. சற்று நேரத்தில் அவரைக் காணவில்லை. சில நாட்கள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. தாம் படைத்ததை மறுத்தது அவரைச் சுட்டிருந்தது. விந்தை மனிதர் என்று சிரித்து இதைக் கடந்துவிடலாகாது. அந்நாட்டில் அவர் பிறர்க்கு அளிக்கக்கூடிய உறவு அந்த ஒரு குவளை ரசமே.

1917இல் நோயுற்றார். மருத்துவ இல்லங்களில் அந்த அடுப்பும் இல்லாமற்போயிற்று. இதற்கிடையில் ஜானகி எழுதிய மடல்கள் மாமியாரின் கையில் தடைப்பட்டன. 1918 தொடக்கத்தில் இலண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அவ்வாண்டே அரச கழகத்தின் உறுப்பினரானார். உணவுக் குறையே உயிர் குடித்தது என்று துணிந்துரைப்பது பொருந்தாது. கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என 1994இல் டி. ஏ. பி. யங் என்பவர் ஆய்ந்து எழுதினார்.

இரண்டாண்டு என்று போனவர் ஐந்தாண்டு கழித்து, 1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கினார். அழைக்க வந்த தாயிடம், ஜானகி எங்கே என்று கேட்டார். அவர் வந்திருக்கவில்லை. பிறகு வந்து சேர்ந்து, 1920 ஏப்ரல் 26இல் கணவர் மறையும் வரை உடனிருந்து பேணினார். நீ என்னோடு வந்திருந்தால் இந்நோய் வந்திராது என்று கணவர் சொன்னதை ஜானகி அம்மையார் முதுமையில் நினைவுகூர்ந்தார்.