வாக்கு ஆரிட்ட இருக்கு?

(ரெக்ஸ்டேல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கட குழு மற்ற நகரக் குழுக்களோட சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆகிறதா எண்டு அடுத்த மாதம் முடிவெடுக்க வேணும். அதுக்கு முதல் ஒரு கதை சொல்லுறன். அல்பியன் றோட்டு நூலகத்தில படிச்சு வளர்ந்த எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை.

1946இல் ஹமில்டனில் கனடிய நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. நூலகர் ஒருவர் சந்தா கட்டி நேரடி உறுப்பினராகலாம். தொடக்கத்தில் அது இருமொழிச் சங்கம். 1968இல் ஆங்கிலச் சங்கமாக மாறியது. பொது நூலகம், பல்கலைக்கழகம், பள்ளிக்கூடம் எண்டு ஒவ்வொரு துறைக்கும் உள்ளுக்குள்ள தனிப் பிரிவு இருந்தது. பிறகு அந்தப் பிரிவுகளையும் கலைச்சாச்சு. மாகாணச் சங்கத்துக்கும் தேசியச் சங்கத்துக்கும் இரண்டு சந்தா கட்ட ஆக்கள் யோசிச்சினம். உறுப்பினர் தொகை குறைஞ்சது. 2016 ஜனவரியில் உறுப்பினர்களே வாக்களித்துச் சங்கத்தைக் கலைத்தார்கள்.

அதன் இடத்தில் வந்தது கனடிய நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு. பெயரைக் கவனியுங்கோ. அங்க உறுப்பினர் ஆள் இல்லை, சங்கம். ஒன்ராறியோ நூலகர் ஒருவர் தன்ர மாகாணச் சங்கத்தில வாக்குப் போடலாம். தேசிய மேசையில அந்தச் சங்கம்தான் பேசும்.

இதில நன்மையும் உண்டு. பிரெஞ்சுச் சங்கத்துக்கும் அந்த மேசையில இடம் கிடைச்சது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அழைப்புகளுக்கு நூலகங்கள் என்ன செய்ய வேண்டும் எண்டு 2017இலேயே 10 பரிந்துரைகளோட ஓர் அறிக்கை வந்தது.

ஆனா இழந்தது என்ன? பகுதிநேரமாப் புத்தகம் அடுக்கிற ஆளுக்கும் தேசிய முடிவுக்கும் இடையில ஒரு படி கூடிப்போச்சு. 2012 மார்ச்சில் ரொறன்ரோ நூலகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததை நினைச்சுப் பாருங்கோ. பகுதிநேர வேலைதான் அதில பெரிய பிரச்சினை. கடைசியில ஒப்பந்தத்தை ஏற்கிறதா எண்டு வாக்குப் போட்டது தொழிலாளர்தான்.

கூட்டமைப்பு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. சேருறதெண்டா மூண்டு விசயத்தை யாப்பில எழுதிப்போட்டுச் சேருவம். எங்கட பிரதிநிதியை நாங்களே தெரிவு செய்யவேணும். வேண்டாமெண்டா திருப்பி அழைக்கவும் முடியவேணும். கலைக்கிறது, காசு எண்ட பெரிய முடிவுகளுக்கு எல்லா உறுப்பினருக்கும் நேரடி வாக்கு இருக்கவேணும்.

இரவு வேலைக்குப் போறதால இண்டைக்கு வரமுடியாத தோழர்களும் எங்கட உறுப்பினர்தான். அடுத்த மாதத்துக்கு முதல் அவையிட்டையும் கேட்பம்.