நாற்றுக்கு முதலில் நிழல்

முள் மூங்கில் பூப்பது ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். பூத்து விதை உதிர்த்ததும் தாய்ப்புதர் பட்டுப்போகும். விதையும் சில மாதங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். மூங்கிலரிசிக் கஞ்சி ருசியானதுதான். ஆனால், ஒரு பிடியையாவது விதைக்கு ஒதுக்க வேண்டாமா?

முளைத்த நாற்று புல்லைப்போல் மெலிந்திருக்கும். உச்சிவெயிலில் பிளாஸ்டிக் பையிலுள்ள மண் சூடேறினால் இலை சுருளும். அதைக் கண்டு பதறிக் குடங்குடமாக நீர் ஊற்றுவோர் பலர். பையில் துளை இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். பாதி வெயிலைத் தடுக்கும் கறுப்பு வலையும், காலையும் மாலையும் அளவான நீரும் போதும்.

மலேசியாவின் பெத்தோங் மூங்கில் அரிதாகவே பூப்பதால், கிளைத்துண்டு வைத்தே வளர்க்கிறார்கள். அதற்கும் இதே நிழல்தான். வேர் பிடித்தபின் வலையைச் சிறிது சிறிதாக விலக்கி, மழை தொடங்கியதும் நிலத்தில் நடலாம்.