முப்பதுக்குக் குறைந்த வீடுகள்



கழிவுநீர் என்றதும் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஆனால் குழந்தையின் வயிற்றுப்போக்குக்கும் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கருப்புத் தண்ணீருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

மலேசியாவின் பெரிய பட்டணங்களில் கழிவுநீர் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறது. 1994இல் இப்பொறுப்பு ஊராட்சி மன்றங்களிடமிருந்து இண்டா வாட்டர் நிறுவனத்துக்குக் கைமாறத் தொடங்கியது. கம்பத்திலும் தோட்டத்து லயங்களிலும் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் நம்பியிருப்பது நிலத்தடியில் இருக்கும் செப்டிக் டேங்க் ஒன்றைத்தான்.

இந்தத் தொட்டி என்ன செய்கிறது? கனமான கழிவு அடியில் தங்குகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கின்றன. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அடியில் தங்கியதை மெல்ல மெல்லத் தின்கின்றன. நடுவில் உள்ள தண்ணீர் வெளியேறுகிறது. அந்தத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் நோய்க்கிருமிகள் அதில் ஏராளம். அது கால்வாயில் கலந்தால், மழைக்காலத்தில் தாழ்வான கிணற்றுக்குள்ளும் புகுந்துவிடும்.

தொட்டியை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது காலி செய்ய வேண்டும். 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில் சட்டம் அந்தப் பொறுப்பை வீட்டு உரிமையாளரிடம் விடுகிறது. ஆனால் நடப்பது என்ன? சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுகிறார்கள், தொட்டியின் மூடி தரைக் கல்லுக்கு அடியில் போய்விடுகிறது. லோரி வந்தாலும் குழாயை எங்கே இறக்குவது? போதாக்குறைக்கு, கழிப்பறை மணக்க வேண்டுமென்று குளோரோக்ஸை வாளி வாளியாக ஊற்றுகிறவர்களும் உண்டு. வேலை செய்யும் நுண்ணுயிர்களை அதுவே கொன்றுவிடுகிறது.

இனி, கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு. வெளியேறும் நீருக்குத் தர அளவு விதிக்கும் 2009ஆம் ஆண்டு கழிவுநீர் விதிமுறைகள், 150 ஆள் கணக்குக்குக் குறைவான குடியிருப்புத் திட்டங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. வீட்டுக்கு 5 ஆள் என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் 30 வீடுகள் இருந்தால் விதி உண்டு, 29 வீடுகள் இருந்தால் இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்றால், அந்த 29 வீடுகளிலிருந்து வெளியேறுவது 32,625 லிட்டர். சட்டத்துக்கு இது சிறிய எண். கீழ்ப்புறம் கிணறு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அப்படியல்ல.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தொட்டிகளிலிருந்து வரும் நீரை ஒன்றாகச் சேர்த்து, சரளைக் கல் நிரப்பி நாணல் நட்ட பாத்தி வழியாக மெதுவாக ஓடவிடலாம். கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சிய அழுக்கைத் தின்னும். நிலம் சரிவாக இருந்தால் மின்சாரமே வேண்டாம். நம்முடைய வெப்பநிலைக்கு ஆளுக்குச் சுமார் 3 சதுர மீட்டர் போதும் என்பது பொறியியலாளர் கணக்கு. 29 வீடுகளுக்கு 435 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்து பூப்பந்து ஆட்டக்களம்.

கல்லும் நாணலும் கிடைக்கும், இடம்தான் சிக்கல். தோட்டத்து நிலம் நிர்வாகத்துடையது. அங்கே குடியிருக்கும் தொழிலாளரின் வீட்டையும் சுகாதார வசதியையும் உரிய தரத்தில் வைத்திருப்பது 1990ஆம் ஆண்டு சட்டப்படி முதலாளியின் கடமை என்பதால், கேட்க வேண்டிய இடம் தெளிவு. கம்பத்திலோ பத்துப் பேருக்குச் சொந்தமான நிலத்தில் பாத்தி அமைய வேண்டியிருக்கும். அடைத்துக்கொண்ட கல்லைக் கழுவுவது யார், நாணலை வெட்டுவது யார், தொட்டி காலி செய்யும் லோரிக்கு மாதம் எத்தனை ரிங்கிட் ஒதுக்குவது? குழி தோண்டுவதற்கு முன்பே இவற்றை எழுதி, எல்லா வீட்டாரும் கையெழுத்திட வேண்டும். கிணற்றுக்கு மேல்புறத்தில் பாத்தி அமைக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளலாம்.