ஈரத்தை மேலே வையுங்கள்!
(பெரிய காஞ்சிபுரத்தில் சிறு வணிகர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

ஒரு காலத்தில் பட்டு வாங்க வேண்டுமென்றால் காந்தி ரோட்டுக்கு வர வேண்டும். புடவையை விரித்து, கரையைத் தடவி, திருப்பிப் பார்த்து, பேரம் பேசி வாங்குவார்கள். இன்றோ மதுரையில் இருக்கும் தாயும், மலேசியாவில் இருக்கும் மகளும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படத்தைப் பார்த்தே பணம் அனுப்பி விடுகிறார்கள். அவர்களால் தொட்டுப் பார்க்க முடியுமா? முடியாது! நீங்கள் எழுதும் நான்கு வரிகள்தாம் அவர்களுக்குக் கை, அவைதாம் கண்.

மதீனாவின் கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம்! மழையில் நனைந்து விட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். சிந்தித்துப் பாருங்கள்! நனைந்த தானியத்தை விற்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. மறைக்காதே என்றார்கள். இன்றைய விளம்பரத்திற்கும் இதுவே அளவுகோல்.

நம் ஊர்ச் சரக்கில் ஈரம் எது? ஜரிகைதான்! சுத்த ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. டெஸ்டட் ஜரிகை என்பது செம்பைக் கொண்டு செய்யப்படும் மலிவான வகை. டெஸ்டட் விற்பது குற்றமல்ல. அதைச் சொல்லாமல் "அசல் காஞ்சிபுரம்" என்று மட்டும் எழுதி நிறுத்துவதே மோசடி. விசைத்தறிப் புடவையும் அப்படியே. அதைக் கைத்தறி என்று எழுதினால், உடலையும் கரையையும் தனித்தனி நாடா ஓட்டிக் கோர்வை போடும் நெசவாளியின் கூலியில் அல்லவா கை வைக்கிறீர்கள்?

முத்திரைகளையும் குழப்பாதீர்கள். சில்க் மார்க் பட்டின் தூய்மைக்கு மட்டுமே சாட்சி. தறிக்கும் ஜரிகைக்கும் அது சாட்சியல்ல. கைத்தறிக்குக் கைத்தறி முத்திரை தனியே இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரோ 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. அது ஊரின் பொதுச் சொத்து; எந்தச் சேலைக்கும் ஒட்டிக் கொள்ளும் சீட்டு அல்ல.

எப்படி எழுதலாம்? இதோ: "முழுப் பட்டு. கைத்தறி. கோர்வைக் கரை. டெஸ்டட் ஜரிகை. நீளம் 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி தனி. பகல் வெளிச்சத்தில் எடுத்த படம்." இதோடு விலையையும் எழுதுங்கள். இது போதும்! நிறத்தைக் கூட்டிக் காட்டும் ஃபில்டர் வேண்டாம். அடுத்த கடைக்காரர் எடுத்த படம் வேண்டாம். புடவை கட்டிய மணப்பெண்ணின் படத்தை அவர் அனுமதியின்றிப் போட வேண்டாம். பீரோவில் இருபது சேலை இருக்க, "இன்னும் இரண்டே இரண்டு" என்று அவசரப்படுத்த வேண்டாம். காசு கொடுத்து எழுதி வாங்கிய பாராட்டும் வேண்டாம்.

சிறிய கடைதானே, யார் கேட்பார்கள் என்கிறீர்களா? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இணையத்தில் வரும் விளம்பரத்தையும் விளம்பரமாகவே கருதுகிறது. பொய்யான விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. பொய்யாக அவசரப்படுத்துவதை 2023இல் வந்த வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன.

பதிவில் தவறு நேர்ந்து விட்டதா? சத்தமின்றி அழித்து விடாதீர்கள். திருத்தி எழுதுங்கள், வாங்கியவருக்குத் தெரிவியுங்கள், கேட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அன்று ஒரு விற்பனை போகலாம். ஆனால் அந்தக் குடும்பத்தின் அடுத்த கல்யாணப் பட்டு உங்களைத் தேடி வரும்.

பெரிய கடைகளுக்கு விளம்பரத்துக்குக் கோடிகள் இருக்கின்றன. சிறு வியாபாரிக்கு இருப்பது ஒரே முதல்தான்: நாணயம்! அதை நான்கு வரிப் பதிவில் இழந்து விடாதீர்கள். நம் அனைவரின் வியாபாரத்திலும் இறைவன் பரக்கத் செய்வானாக!