சவேரியாரைக் காணச் சென்றேன்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில், இரயில்வே பார்சல் அலுவலக எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



மேடையில் நின்று பேசிப் பழகியவன் அல்லன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஹூப்ளி நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை நிறுத்து இரசீது எழுதுவதே என் தொழில். பழைய கோவாவுக்குப் போய்வந்த கதையைச் சங்கத்தில் சொல்ல வேண்டும் என்று நம் செயலாளர் இருமுறை வீட்டிற்கே வந்து கேட்டபடியால், எழுதி வைத்துக்கொண்டு படிக்கத் துணிந்தேன். இங்கே பல சமயத்தவரும் கூடியிருக்கிறீர்கள். கிறிஸ்தவன் ஒருவனுடைய யாத்திரைக் கதை உங்களுக்குச் சலிப்பைத் தராது என்று நம்புகிறேன். ஏனெனில் இக்கதையின் நடுவே நம் தமிழ்ச் சொற்கள் இரண்டு வருகின்றன.

எங்கள் ஊர் மணப்பாட்டுக்கு அண்மையில் உள்ள ஒரு கடற்கரைச் சிற்றூர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு சவேரியார் உண்டு. பாட்டனார் பெயர் சவேரியார், மாமன் பெயர் சவேரிமுத்து, படகின் பெயரும் சவேரியார். ஆயினும் அப்பெயருக்கு உரியவரைப் பற்றி நாற்பது வயது வரையில் நான் அறிந்திருந்தது, திருநாளன்று சப்பரத்தில் வரும் சுரூபத்தை மட்டுமே.

அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார் 1506-இல் நவார் நாட்டில் பிறந்தவர். பாரிசு நகரில் பயின்று, அர்ச். இஞ்ஞாசியாரோடு சேர்ந்து இயேசு சபையைத் தோற்றுவித்த தோழர்களுள் ஒருவரானார். 1542-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் கோவாவில் இறங்கினார். அவ்வாண்டிலேயே நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். எங்கள் முன்னோர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். பெற்றிருந்தனரே ஒழிய, கற்பிப்பார் இல்லாமையால் ஒரு மந்திரமும் அறியார். வந்தவருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்து மந்திரங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கையில் மணியோடு ஊர் ஊராய்த் திரிந்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோயிற்று என்று 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதியிருக்கிறார். அவ்வாண்டிலேயே வடுகப் படை குமரிப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியது. மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். சவேரியார் 20 தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். காற்று எதிர்த்தது, நாட்கணக்கில் போராடியும் தோணிகள் குமரியை எட்டவில்லை. பின்னர்க் கரைவழியே நடந்து சென்றார்.

அவர் எழுதியவற்றுள் நாம் உவக்க இயலாதவையும் உண்டு. கோவாவில் சமய விசாரணை மன்றம் வேண்டுமென்று 1546-இல் போர்த்துக்கல் மன்னருக்கு எழுதியவர் அவரே. அவர் மறைந்த பின், 1560-இல் அம்மன்றம் அமைந்து பலரையும் துன்புறுத்தியது. இதனை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அவரும் தம் காலத்து மனிதர்தாம்.

சீன நாட்டுக்குள் நுழைய எண்ணி, கரைக்கு எதிரே உள்ள சான்சியன் தீவில் படகுக்காகக் காத்திருந்தபோது காய்ச்சல் கண்டு, 1552 டிசம்பர் 3-ஆம் நாள் உயிர் துறந்தார். உடல் முதலில் மலாக்காவுக்கும், 1554-இல் கோவாவுக்கும் கொண்டுவரப்பட்டது. இன்று பழைய கோவாவில் போம் ஜேசு ஆலயத்தில், 1637-இல் செய்த வெள்ளிப் பேழைக்குள், உயரமான பளிங்கு மேடையின்மேல் இருக்கிறது. நாள்தோறும் செல்பவர்கள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கீழே இறக்கி, எதிரேயுள்ள பேராலயத்தில் மக்கள் அருகிருந்து காண வைப்பார்கள். பதினெட்டாம் முறையாக 2024 நவம்பர் 21 முதல் 2025 சனவரி 5 வரை அவ்வாறு வைத்திருந்தார்கள். நான் சென்றது அப்பொழுதுதான்.

பக்தி மேலிட்டுப் புறப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். என் மனைவி ஒரு தாளில் வேண்டுதல்களை எழுதிக் கொடுத்தாள்: மகளுக்கு வேலை கிடைக்க வேண்டும், என் முழங்கால் வலி தீர வேண்டும், எனக்கு மாற்றல் வரக் கூடாது. தாளில் எழுதாத ஒன்றும் என் நெஞ்சில் இருந்தது. எங்கள் தாயார் 2019-இல் காலமானார். ஊரிலிருந்த வீட்டை என்னைக் கேளாமலே தம்பி இடித்துக் கட்டினான். முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தபோது இருவரும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டோம். அன்றுமுதல் பேச்சு இல்லை. 2020-இல் பதிவுத் தபாலில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் பத்தியில் கட்டடச் செலவுக் கணக்கு இருந்தது. அதற்குமேல் படியாமல் மடித்து இரும்புப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். ஊரார் முன்னிலையில் தம்பி தோற்று நிற்க வேண்டும் என்பதே என் எழுதாத வேண்டுதல்.

விடுப்பு நாளுக்கு என் வேலையைத் தாம் பார்ப்பதாக ஏற்றுக்கொண்ட அலுவலக நண்பர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தவர். "கோவாவில் எனக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடுங்கள், சாமி" என்றார். அவர் எதையும் கேட்கச் சொல்லவில்லை என்பது அப்பொழுது எனக்கு உறைக்கவில்லை.

லோண்டா தாண்டிக் காசில்ராக் நிலையத்தை வண்டி அடைந்தபோது விடிந்துகொண்டிருந்தது. கோவா விடுதலை பெற்ற 1961 வரையில் அதுவே எல்லை நிலையம். அதற்கப்பால் 37 அடிக்கு ஓர் அடி இறங்கும் மலைச்சரிவு. வண்டி மெள்ள மெள்ள, சுரங்கத்துக்கு மேல் சுரங்கமாகக் கடந்து இறங்கியது. தூத்சாகர் அருவி பாலாய் வழிவதைக் காண எல்லோரும் ஒரு பக்கத்துச் சன்னலுக்கு ஓடினார்கள். நான் எங்கள் பங்குச் சாமியார் இரவல் தந்த சவேரியார் கடிதப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அதிலேதான் அந்த இரண்டு சொற்கள் இருந்தன. 1544-இல், கடற்கரையில் தம்மோடு உழைத்த மன்சிலாஸ் என்பவருக்கு எழுதுகிறார்: விசுவாச மந்திரத்தில் 'வேண்டும்' என்னும் பொருள்படும் சொல்லைச் சொல்லிவந்தோம், அது தவறு, இனி 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லுங்கள். யாரோ மொழிபெயர்ப்பில் செய்த பிழை அது. அறியாமல் அவரும் அவ்வாறே சிறுவர்களுக்குக் கற்பித்திருக்கிறார். தமிழைச் சரிவரக் கல்லாத அந்நியர் ஒருவர், தாம் கற்பித்தது பிழை என்று கண்டவுடன் வெட்கப்படாமல் திருத்தி எழுதுகிறார்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டைப்பையில் இருந்த தாள் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதில் மூன்று வரி. மூன்றிலும் 'வேண்டும்', 'கூடாது' என்றே இருந்தது. நாலாவது வரியை எழுதக்கூட எனக்குத் துணிவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஞாயிறுதோறும் பூசையில் நின்று நான் சொல்லிவந்த விசுவாச மந்திரமும், வாய்ச்சொல் எதுவாயினும், உள்ளே அந்தப் பழைய பிழைப் பாடந்தான்.

மட்காவில் இறங்கி வேறு வண்டி ஏறிக் கர்மாலி நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து பழைய கோவா நடைதூரந்தான். முழங்கால் வலியோடு நடந்தேன். வழியெல்லாம் மக்கள். நாட்கணக்கில் நடந்தே வந்தவர்கள் செருப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு சென்றார்கள். கொங்கணியிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் ஜெபமாலை கேட்டது. நெடுநேரம் வரிசையில் நின்றோம். முன்னே நின்ற முதியவள் ஒருத்தி நெல்லைக் கடற்கரைத் தமிழில் தன் பேரனை அதட்டினாள். எந்த ஊர் என்று கேட்டேன். "பக்கந்தான் ஐயா, புன்னைக்காயல்" என்றாள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டு பக்கம் என்கிறாளே என்று வியந்தேன். என் ஊரைச் சொன்னவுடன், "அங்கே யார் மகன்?" என்று வினவினாள். தாயார் பெயரைச் சொல்ல நேர்ந்தது. ஐந்தாண்டுகளாக அப்பெயரை உரக்கச் சொன்னதில்லை. தொண்டை அடைத்துவிட்டது.

வரிசை நகரும் இடைவெளியில் புத்தகத்தில் இன்னொன்று படித்தேன். மொலுக்கத் தீவுகளிலிருந்து 1546-இல் உரோமையிலுள்ள தோழர்களுக்குச் சவேரியார் எழுதிய மடலில் அது வருகிறது. தோழர்கள் அனுப்பிய கடிதங்களில் அவர்கள் கைப்பட எழுதிய கையொப்பங்களைக் கத்தரித்து எடுத்து, தம் வார்த்தைப்பாட்டுச் சீட்டோடு எந்நேரமும் உடன் வைத்திருப்பதாகக் கூறுகிறார். அக்காலத்தில் ஐரோப்பாவுக்கு மடல் போய் மறுமொழி வர ஆண்டுகள் ஆகும். தோழர்களின் எழுத்தைத் தம் உடம்போடு அணைத்துக்கொண்டு அவர் அலைந்திருக்கிறார். என் தம்பியின் எழுத்தை நான் எங்கே வைத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

கடைசியில் பேழையருகே வந்தேன். சிறிய உடல், கறுத்து உலர்ந்த முகம், பூசை உடுப்பு. வலக்கரம் இல்லை, அதன் ஒரு பகுதி 1614 முதல் உரோமையில் இருக்கிறது. ஓய்ந்துபோயிற்று என்று அவர் எழுதிய கை அது. தொண்டர்கள் "நட, நட" என்று அவசரப்படுத்தினார்கள். எனக்குக் கிடைத்தது ஏழெட்டு நொடிகள். தாளை எடுக்க நினைத்தேன், கை எழவில்லை. "விசுவசிக்கிறேன்" என்று மட்டும் தமிழில் சொன்னேன். உடம்பு சிலிர்க்கவில்லை, ஒளியொன்றும் காணவில்லை. வெளியே வந்து நண்பருக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, வெயிலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். முழங்கால் வலி இன்றும் இருக்கிறது.

வீடு திரும்பியதும் இரும்புப் பெட்டியைக் கவிழ்த்துக் கடிதத்தை எடுத்தேன். முதல் பத்தி கணக்கு. இரண்டாம் பத்தியில், அம்மா படுத்திருந்த அறை மழைக்கு இடிந்து விழும் நிலையில் இருந்ததால் உன்னைக் கேட்கப் பொழுதில்லாமல் இடித்தேன் என்று இருந்தது. மூன்றாம் பத்தி இரண்டே வரி: கல்லறையில் மரச்சிலுவை உளுத்துவிட்டது, கல்லில் வைக்க வேண்டும், அதில் பிள்ளைகள் பெயர் வெட்டும்போது மூத்தவன் பெயர் முதலில் வர வேண்டுமாகையால் நீ வரும் வரையில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நிறுத்தி வைத்து அப்பொழுது நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அன்றிரவே தொலைபேசியில் அழைத்தேன். நெடுநேரம் மணியடித்தது. எடுத்தவன், "அண்ணே, உடம்புக்கு ஏதும் செய்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டான்.

2025 மே மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். வீட்டுப் பங்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அவனுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு. ஆனால் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோம். கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டார். தம்பி அரைமணி நேரம் பேரம் பேசினான். என் பெயர் நீளமானது. அதனைச் சுருக்கி வெட்டினால் இரண்டு பெயரும் ஒரே வரியில் அடங்கும் என்றார் தச்சர். சுருக்க வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். அவன் பெயர் அடுத்த வரிக்குப் போயிற்று.